கூறாத சுரத்தைக் கூறுதல்: நாட்டார் மெட்டும் ஒத்திசையும்

மூலத்தில் இல்லாத ஒன்றை மொழிபெயர்ப்பாளர் சேர்க்கலாகாது என்பர். ஆயின் சேர்க்காமல் இருக்க இயலாத இடங்களும் உள. ஆங்கிலத்தின் தன்மைப் பன்மைப் பெயரைத் தமிழாக்குபவர், அது கேட்போரை உளப்படுத்துகிறதா இல்லையா என்பதை மூலம் சொல்லாவிடினும், ‘நாம்’ என்றோ ‘நாங்கள்’ என்றோ எழுதியே ஆகவேண்டும். இலக்கு மொழியின் இலக்கணம் அவரைக் கட்டாயப்படுத்துகிறது. தனிக்குரலில் வழங்கிவரும் நாட்டார் மெட்டு ஒன்றிற்கு மேலை முறையில் ஒத்திசை அமைப்பவரும் இதே நிலையில்தான் இருக்கிறார். அவருடைய தேர்வுகளை மொழிபெயர்ப்புத் திறனாய்வின் கருவிகளைக் கொண்டே மதிப்பிடலாம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

சில சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்வது நலம். கிடாரும் கீபோர்டும் பயில்வோர் ‘கார்டு’ என்று வழங்குவதை இங்குச் ‘சுரக்கூட்டு’ என்கிறேன். ஒரு சுரம், அதிலிருந்து எண்ண மூன்றாவதாக வரும் சுரம், ஐந்தாவதாக வரும் சுரம் ஆகிய மூன்றையும் ஒருங்கே ஒலிப்பது அதன் அடிப்படை வடிவம். சுரக்கூட்டுகளை ஒரு மெட்டின் அடியில் வரிசைப்படுத்துவது ஒத்திசை அமைத்தல். மேலை இசையில் ‘மோட்’ எனப்படுவதற்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் காட்டும் ‘பாலை’ என்னும் சொல்லே போதும். ஏழு நரம்புகளும் மாறாதிருக்க, அவற்றுள் எது குரலாக, அதாவது ஆதார சுரமாக, நிற்கிறது என்பது மாறும்போது பாலை மாறுகிறது. செம்பாலையை அரிகாம்போதி என்றும், கோடிப்பாலையைக் கரகரப்பிரியா என்றும், அரும்பாலையைச் சங்கராபரணம் என்றும், விளரிப்பாலையைத் தோடி என்றும் இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்வர். பாலைக்கு உயிர் அதன் குரல் நரம்பு. ஏனைய யாவும் அதனோடு கொண்ட உறவால் பொருள் பெறுவன. ஒத்திசை அமைப்பவர் கை வைப்பது இந்த உறவின் மீதுதான்.

கொச்சிக் கரையில் ஒரு தமிழ் மூலம்

பெரியாற்றின் கிளைகளுக்கு நடுவே தீவாக அமைந்த ஏலூரில் வாழும் என்னைப் போன்ற தமிழருக்கு இச்சிக்கல் ஏட்டளவில் நிற்பதன்று. கொச்சியைச் சூழ்ந்த கடலோர ஊர்களிலும், பெரியாற்றுக் கழிமுகத்தில் உள்ள கோதுருத்து போன்ற ஊர்களிலும், இலத்தீன் கத்தோலிக்கரிடையே சவிட்டு நாடகம் என்னும் கூத்து வழங்கி வருகிறது. சவிட்டுதல் என்பது மிதித்தல்; தென்தமிழ் வழக்கில் உள்ள ‘சவட்டுதல்’ இதன் உடன்பிறப்பு. மரப்பலகை மேடையை ஓங்கி மிதித்து ஆடும் இக்கூத்தின் பாட்டுமொழி, மலையாளம் கலந்த தமிழ். சார்லமேன் மன்னனைத் தலைவனாகக் கொண்ட காறல்மான் நாடகம் இவற்றுள் புகழ்பெற்றது. அதனை இயற்றியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்று மரபு கூறும். அண்ணாவி என்னும் பெயர் ஈழத்துக் கூத்து மரபிலும் ஆசிரியரையே குறிக்கும் என்பதை இவ்விதழின் வாசகர் அறிவர். 1579ஆம் ஆண்டு கிரீசித்தியானி வணக்கம் என்னும் தமிழ் மொழிபெயர்ப்பு அச்சேறியதும் இதே கொச்சியில்தான். கிறித்தவக் கலைச்சொற்கள் பலவற்றைத் தமிழாக்காமல் போர்த்துகீசிய ஒலியிலேயே விட்டு வைத்த நூல் அது. இங்கு மொழிபெயர்ப்பு என்பது பழைய தொழில்.

சவிட்டு நாடகத்தின் பழைய பக்க இசை செண்டையும் மத்தளமும் இலைத்தாளமும் ஆகும். பின்னர் ஃபிடில், கிளாரினெட், புல்புல் முதலியன வந்தன. அண்மைக் காலத்தில் கீபோர்டும் வந்துள்ளது. முதலில் வந்த மூன்றும் மெட்டின் மீது தீர்ப்பு எதுவும் சொல்லாதவை. ஃபிடிலும் கிளாரினெட்டும் மெட்டைப் பின்தொடர்வன. கீபோர்டு மட்டுமே மெட்டுக்கு உரை எழுத வல்லது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குத்தளக் கூடத்தில் நடந்த ஒத்திகையைக் கேட்க வாய்த்தது. கீபோர்டில் அமர்ந்திருந்தவர் கல்லூரி மாணவர். தேவாலயப் பாடகர் குழுவில் பயின்றவர். கருவியின் சுருதி மாற்றும் பொத்தானைக் கொண்டு ஆசானின் குரலுக்கு இசையச் சட்சத்தைச் சி கட்டையில் நிறுத்திக்கொண்டு, தாம் அறிந்த மூன்று சுரக்கூட்டுகளை வாசித்தார்: சட்சக் கூட்டு, மத்திமக் கூட்டு, பஞ்சமக் கூட்டு. மெட்டு செம்பாலைச் சாயல் உடையது. அரிகாம்போதியின் கைசிகி நிஷாதம் (நி2) இறங்கு வரிசையில் தெளிவாக ஒலித்தது. அடி முடியும் இடத்தில் மாணவர் வழக்கப்படி ப–நி–ரி என்னும் பஞ்சமக் கூட்டை அழுத்தினார். அவர் விரல் பழகிய நிஷாதமோ காகலி நிஷாதம் (நி3). பாட்டு ஒரு நிஷாதத்தையும் கருவி வேறொரு நிஷாதத்தையும் ஒரே கணத்தில் சொல்லின. ஆசான் இருமுறை நிறுத்தினார். அவரிடம் இதற்கான கலைச்சொல் இல்லை. மூன்றாம் முறை எழுந்து வந்து, மாணவரின் நடுவிரலைத் தொட்டு, அந்த விரலை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.

நடுவிரலை எடுத்தால் எஞ்சுவது பஞ்சமமும் ரிஷபமும், அதாவது ஒரு சுரமும் அதன் ஐந்தாவதும். நிஷாதம் எது என்ற வினாவே எழாது. மூலம் சொல்லாததைத் தானும் சொல்லாதிருக்க ஒரு வழியை அம்முதியவர் கண்டுவிட்டார். ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டையும் தவிர்த்துப் பெயரற்ற வினையால் வாக்கியத்தை முடிக்கும் மொழிபெயர்ப்பாளரின் உத்தி இது.

முடிவிடம் என்னும் சிக்கல்

எல்லா இடத்திலும் விரலை எடுத்துவிட்டால் ஒத்திசையே இல்லை என்று மாணவர் வாதிட்டார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. எனவே செம்பாலை மெட்டின் முடிவிடத்தில் வேறு என்ன செய்யலாம் என்று பார்ப்போம். மெட்டின் சுரங்களுக்குள்ளேயே நின்றால் பஞ்சமக் கூட்டு ப–நி2–ரி ஆகும். இது சோகச் சாயலுள்ள சிறு கூட்டு. போர்முழக்கமான பாட்டொன்றின் இறுதியில் திடீரென முகம் வாடுவது போல் கேட்கும். நிஷாதக் கூட்டாகிய நி2–ரி–ம பெருங்கூட்டு. சட்சத்திற்குத் தெளிவாக இட்டுச் செல்லும். ஆனால் மேலை நாட்டு ராக் இசையில் இது மிகுதியும் பழகியதால், சொல்லின் பொருள் சரியாக இருந்தும் நடை தவறிய மொழிபெயர்ப்பாக நிற்கிறது. மத்திமக் கூட்டிலிருந்து சட்சத்திற்கு வரலாம்; இலக்கணப் பிழை சிறிதும் இல்லை. எனினும் தேவாலயத்தில் பாடிப் பழகிய செவிக்கு அது ‘ஆமென்’ என்றே ஒலிக்கும். கொச்சிக் கரையில் அச்செவி எல்லார்க்கும் உண்டு. வாளேந்தி வந்த வீரன் ஒவ்வோர் அடியின் இறுதியிலும் ஆமென் சொல்வது நகைப்புக்கு இடமாகும்.

ஆக, பிழையற்ற தேர்வுகள் மூன்று இருந்தும் ஒவ்வொன்றும் தன் வரலாற்றைச் சுமந்தே வருகிறது. மாணவரின் முதல் தேர்வோ இவற்றின் வேறானது. அது மூலத்தையே திருத்துகிறது. கருவி காகலி நிஷாதத்தை மீண்டும் மீண்டும் ஒலிக்க, பாடும் சிறுவர் தம்மை அறியாமலே குரலை உயர்த்திக் கருவியோடு இணங்கிவிடுவர். செம்பாலை அரும்பாலை ஆகிவிடும். அரிகாம்போதி சங்கராபரணம் ஆகிவிடும். அதன்பின் அம்மெட்டைப் பதிவு செய்யும் ஆய்வாளர், திருந்திய வடிவையே மூலம் என்று குறித்துக்கொள்வார். மூலநூல் தொலைந்து மொழிபெயர்ப்பு மட்டும் எஞ்சிய நிலைமைகளை நாம் அறிவோம். அங்காவது அது மொழிபெயர்ப்பு என்ற குறிப்பு இருக்கும்.

விளரிப்பாலையில் இச்சிக்கல் இன்னும் கடுமையானது. பாம்பாட்டியின் மகுடியோடு மக்கள் இணைத்துப் பேசும் புன்னாகவராளியை எடுத்துக்கொள்வோம். தோடியின் பிறப்பாகிய இது கீழ் நிஷாதத்திற்கும் நடு நிஷாதத்திற்கும் இடையே உலவுவது. இதில் ரிஷபம் சுத்த ரிஷபம் (ரி1). எனவே ப–நி–ரி என்ற கூட்டு குறுகிய ஐந்தாவதைக் கொண்ட குறைக்கூட்டு ஆகிவிடுகிறது. அதைக் கொண்டு முடிக்க இயலாது. அதனைப் பழகிய பஞ்சமக் கூட்டாக்க வேண்டுமாயின் ரிஷபம், நிஷாதம் ஆகிய இரு சுரங்களையும் மாற்ற வேண்டும். அவ்வளவு துணிவு பெரும்பாலோர்க்கு இல்லை. ஆதலால் அவர்கள் வேறொன்று செய்கின்றனர். இச்சுரங்கள் யாவும் மத்திமத்தை ஆதாரமாகக் கொண்ட சிறு வரிசைக்குள் அடங்குவதைக் கண்டு மத்திமத்தையே வீடாகக் கொள்கின்றனர். அந்நிலையில் மெட்டின் குரல் நரம்பாகிய சட்சம், மத்திமத்திற்கு இட்டுச் செல்லும் வழிநரம்பாகத் தாழ்ந்துவிடுகிறது. அவ்வழியை வலுப்படுத்தச் சாதாரண காந்தாரத்தையும் (க2) அந்தர காந்தாரமாக (க3) உயர்த்திவிடுவர். பாடுபவர் சட்சத்தில் வந்து நின்று மூச்சு விடுகிறார். கேட்பவர் செவியோ இன்னும் ஏதோ வரவேண்டும் என்று காத்திருக்கிறது. பாடுபவர் வினைமுற்றாகச் சொன்னதைச் சுரக்கூட்டு வினையெச்சமாக வாசித்துவிட்டது. முற்றெச்சம் என்று தமிழ் இலக்கணம் ஒரு வகையை ஏற்றுக்கொள்கிறது. ஆயின் அது பேசுவோன் விழைந்து ஆக்குவது, உரைகாரன் திணிப்பதன்று.

ஐந்து சுர மெட்டும் உளப்பாட்டுப் பன்மையும்

தாலாட்டிலும் நடவுப் பாட்டிலும் கேட்கப்படும் ஐந்து சுர மெட்டுகளில் ஒப்புமை மேலும் தெளிவாகிறது. மோகனத்தின் சுரங்கள் ச, ரி2, க3, ப, த2. இவற்றைக் கொண்டு வெளிச்சுரம் புகாமல் அமைக்கத்தக்க மூவொலிக் கூட்டுகள் இரண்டே: ச–க–ப, த–ச–க. ரிஷபத்தில் மெட்டு நீண்டு நிற்கும்போது இரண்டும் உதவா. ரிஷபம் இடம்பெறும் கூட்டு வேண்டுமாயின் மத்திமமோ நிஷாதமோ உள்ளே வந்தாக வேண்டும். வந்தவுடன் எழும் வினா: எந்த மத்திமம், எந்த நிஷாதம்? சுத்த மத்திமமும் கைசிகி நிஷாதமும் என்றால் மெட்டு அரிகாம்போதியின் குழவி. காகலி நிஷாதம் என்றால் சங்கராபரணத்தின் குழவி. பிரதி மத்திமமும் காகலி நிஷாதமும் என்றால் கல்யாணியின் குழவி. மேளகர்த்தா நூல்கள் மோகனத்தை 28ஆம் மேளமாகிய அரிகாம்போதியில் வைக்கின்றன என்பது உண்மை. ஆனால் அது வகைப்படுத்தும் நூலாரின் முடிவு. தொட்டில் ஆட்டும் பெண் மத்திமம் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இங்குப் பலர் சங்கராபரணத்தையே தேர்கின்றனர். அதற்குக் காரணம் மெட்டில் இல்லை. கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளில் இருக்கிறது. ஆங்கிலப் பன்மையை எப்போதும் ‘நாம்’ என்றே தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளர் எவரும் அதை ஆராய்ந்து செய்வதில்லை, பழக்கத்தால் செய்கிறார். சிலவிடத்து அது பொருந்தும். மருத்துவர் குழுவொன்று நோயாளியிடம் பேசும் பகுதியிலும் ‘நாம்’ என்றே எழுதினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இச்சிக்கலை வெளிப்படையாக எதிர்கொண்டவர்களுள் ஹங்கேரிய இசையாளர் பேலா பார்டோக் முதன்மையானவர். அவர் தொகுத்த பழைய மெட்டுகளில் பல ஐந்து சுரத்தன; அவற்றின் சுர அமைப்பு நம் சுத்த தன்யாசியின் ச, க2, ம1, ப, நி2 என்பதேயாகும். இவ்வரிசையில் காகலி நிஷாதமே இல்லாததால் பழகிய பஞ்சமக் கூட்டுக்கு இடமில்லை. பார்டோக் புறத்திலிருந்து அதைக் கொண்டுவரவில்லை. மெட்டில் காந்தாரமும் பஞ்சமமும் நிஷாதமும் ஒத்த மதிப்புடையனவாக ஒலிப்பதைக் கவனித்து, ச–க–ப–நி என்னும் நால்வர் கூட்டையே ஓய்வுக் கூட்டாகக் கொண்டார். மேலை இலக்கணப்படி அது ஓய்வு தராத கூட்டு. மூலமொழியின் தொடரமைப்பை இலக்கு மொழிக்குள் கொணர்ந்து அம்மொழியையே சற்று வளைக்கும் மொழிபெயர்ப்பு முறைக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. மெட்டு எவ்வளவு எளியதோ அவ்வளவுக்குத் துணிந்த ஒத்திசை அதற்கு இயலும் என்றும் அவர் 1931இல் ஆற்றிய உரையில் கூறினார். முதற்பார்வையில் முரணாகத் தோன்றினும் காரணம் தெளிவு: மெட்டு குறைவாகச் சொல்லும்போது அதை மறுக்கும் வாய்ப்பும் குறைவு.

பகை நரம்பு

தமிழ் மரபில் சுரங்களை ஒருங்கே ஒலிப்பது பற்றிய சிந்தனையே இல்லை என்று எழுதுவோர் உளர். சிலப்பதிகார உரை மரபு நரம்புகளின் உறவை இணை, கிளை, பகை, நட்பு என நான்காகப் பகுக்கிறது. ஐந்தாவது கிளை; நான்காவது நட்பு; மூன்றாவதும் ஆறாவதும் பகை. இவை ஒருங்கொலித்தலைக் குறிப்பனவா, அடுத்தடுத்து ஒலித்தலைக் குறிப்பனவா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. இன்றைய சுரக்கூட்டு இலக்கணத்தை அதில் தேடுவது மிகை. ஆயினும் ஒன்றைக் குறிக்காமல் இருக்க இயலவில்லை. மேலைச் சுரக்கூட்டின் உயிர்நிலை மூன்றாவது சுரம். பெருங்கூட்டா சிறுகூட்டா என்பதை முடிவு செய்வது அதுவே. கொச்சி ஆசான் எடுத்துவிடச் சொன்ன விரலும் அதுவே.

தம்புராவும் ஒரு கூட்டுத்தான். பஞ்சமமும் சட்சங்களும் இடைவிடாது ஒலிக்க, நன்கு சுருதி சேர்ந்த தம்புராவில் அந்தர காந்தாரமும் தானாக மெல்லக் கேட்கும். சாதாரண காந்தாரமுள்ள தோடியையும் நாம் அதன் மேல்தான் பாடுகிறோம். எனவே இந்திய இசையில் ஒருங்கொலித்தலே ஆகாது என்ற தூய்மைவாதம் நிற்காது. தானாக எழும் ஒலியை விரலால் அழுத்திச் சொல்வதுதான் வேறு. 1940 முதல் 1971 வரை அனைத்திந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தபோது கூறப்பட்ட காரணங்கள் பெரும்பாலும் சுருதியையும் கமகத்தையும் பற்றியன. அழுத்திச் சொல்லுதல் என்னும் இந்த நுட்பம் அவ்விவாதத்தில் உரிய இடம் பெறவில்லை என்பது என் எண்ணம்.

இளையராஜாவின் வழி

தமிழில் நாட்டார் மெட்டும் மேலை ஒத்திசையும் பெருவழக்காகச் சந்தித்தது திரைப்பாட்டில். 1976இல் வெளிவந்த அன்னக்கிளி அதன் எல்லைக்கல் என்பது பலரும் கூறுவது. கூறப்படாதது, அச்சந்திப்பு எவ்வாறு நிகழ்ந்தது என்பது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்ற இளையராஜாவுக்கு மூன்று சுரக்கூட்டு மாணவரின் வழி எளிதில் கைவந்திருக்கும். ஆயின் அவருடைய நாட்டார் மெட்டுப் பாடல்களைக் கூர்ந்து கேட்பவர், மூன்று விரற் கூட்டு இடையறாது ஒலிப்பதைக் குறைவாகவே காண்பர். பேஸ் கிடார் தனியொரு வரியாக நடக்கிறது. அவ்வரி பெரும்பாலும் மெட்டின் சுரங்களையே மிதித்துச் செல்கிறது. வயலின்களோ குழலோ எதிர்வரி ஒன்றை இழைக்கின்றன. கூட்டு உருவாவது இவ்வரிகள் சந்திக்கும் கணத்தில் மட்டுமே. மறுகணம் அது கலைந்துவிடுகிறது. ஆதலால் அது மெட்டின் மீது தீர்ப்பாக நிற்பதில்லை. உரை எழுதாமல், பக்கத்தில் அமர்ந்து தானும் பேசுகிறது.

இடையிசையில் அவர் மெட்டின் பாலையை விட்டு வேறு ஆதாரத்திற்குச் சென்று, பல்லவி தொடங்கும் முன் திரும்பிவிடுவதும் உண்டு. இதைக் குறையெனக் கூறுவாரும் உளர். எனக்கு அது மொழிபெயர்ப்பாளரின் முன்னுரை போல் தோன்றுகிறது. தம் கருத்தை அங்கே சொல்லிவிட்டு மூலத்திற்குள் அடங்கி நிற்பவரை நாம் குறை சொல்வதில்லை. எனினும் அவர் வழியை நகலெடுத்த பின்னோர் பலர் எதிர்வரியை விட்டுவிட்டுக் கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

மனித குரல்களைக் கொண்டே ஒத்திசை அமைத்த எம். பி. சீனிவாசனையும் இங்கு நினைக்க வேண்டும். 1988இல் மறைந்த அவர் சென்னை இளைஞர் இசைக்குழுவை உருவாக்கியவர். மலையாளத் திரையிலும் தடம் பதித்தவர். பல மொழிப் பாடல்களையும் இசைப்பயிற்சி இல்லாத இளைஞரைக் கொண்டு பலகுரலில் பாடுவித்தார். குரல்கள் ஒன்றையொன்று கேட்டுச் சுருதியைச் சரிசெய்துகொள்ளும். கட்டைகளால் அது இயலாது. பலகுரல் இசை வேண்டுவோர் கருவிக்கு முன் குரலை நாடுவது நன்று என்பதற்கு அவர் பணி சான்று.

ஓர் எதிர்வாதம்

ஒத்திசையோடு கூடிய வடிவையே பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அதுவே மூலம் அன்றோ என்று கேட்கலாம். இவ்வினாவை எளிதில் ஒதுக்க இயலாது. ‘படு’ சேர்ந்த செயப்பாட்டு வினை ஆங்கிலத் தாக்கத்தால் பெருகியது என்று உரைநடை ஆய்வாளர் குறை கூறுவர். அக்குறை கூறும் கட்டுரையிலேயே ‘கருதப்படுகிறது’ பத்து முறை வரும். இன்று அதைத் தமிழன்று என்று சொல்ல எவர்க்கும் துணிவில்லை. காகலி நிஷாதத்தோடு பாடும் சிறுவனின் மெட்டும் நாளை ஒரு வழக்காகலாம். வழக்கு மாறுவதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் மாறுவது மக்கள் விழைவாலா, கருவியில் விரல் பழகிய இடத்தாலா என்பதைப் பிரித்தறிவது ஆய்வாளர் கடமை. மேலும் செயப்பாட்டு வினை வந்தபின்னும் செய்வினை அழியவில்லை. இங்கோ ஒரு நிஷாதம் வந்தால் மற்றது போய்விடுகிறது.

சவிட்டு நாடகம் இன்று கேரளப் பள்ளிக் கலைவிழாவில் போட்டி இனமாகவும் இடம்பெறுவதால் ஊர் எல்லை கடந்து பல மாவட்டச் சிறுவரும் அதைப் பயில்கின்றனர். ஆசானின் வாயிலிருந்து நேரே கற்கும் வாய்ப்பு அவர்களுள் பலர்க்கு இல்லை, ஒலிப்பதிவே ஆசான். பதிவில் எந்த நிஷாதம் உள்ளதோ அதுவே பரவும்.

ஒத்திகை முடிந்தபின் அம்மாணவர் தம் குறிப்பேட்டைக் காட்டினார். பாட்டு தமிழ்; எழுத்து மலையாளம். தமிழ் எழுத்து ஒலிப்புடைய ககரத்தையும் ஒலிப்பிலாக் ககரத்தையும் வேறுபடுத்தாது. மலையாள எழுத்தோ எழுதுபவரை ஒவ்வொரு சொல்லிலும் ஒன்றைத் தேரச் செய்யும். ஏட்டில் ஒரே சொல் ஓரிடத்தில் ஒரு ககரத்தோடும் அடுத்த பக்கத்தில் வேறு ககரத்தோடும் இருந்தது. சொற்களுக்கு மேலே சுரக்கூட்டுகளின் பெயரெழுத்துகள் நெருக்கமாக எழுதப்பட்டிருந்தன. அடி முடியும் இடத்தில் இருந்த ‘ஜி’ என்ற எழுத்தின் பக்கத்தில் மட்டும், வேறு மையில், 5 என்னும் எண் பின்னர்ச் சேர்க்கப்பட்டிருந்தது. நடுவிரல் இல்லாத கூட்டுக்குக் கிடார்காரர் இடும் குறி அது.